உடுத்தக் கற்றல்: மேட்டுநாட்டுக் கில்ட்டும் நம் வேட்டியும்

உண்ணக் கற்பதும் உடுத்தக் கற்பதும் மனிதன் தன் இல்லத்தில் பெறும் முதற் கல்வியாகும். எண்ணும் எழுத்தும் பள்ளியில் வரும். இடுப்பில் நான்கு முழத் துணியைச் சுற்றி, அது நழுவாமல் நடக்கும் திறம் பள்ளியில் வருவதன்று. தந்தை கட்டுவதைக் கண்டும், பாட்டனார் திருத்தக் கேட்டும் வருவது அது. அக்கல்வி நம் இல்லங்களில் மெல்ல மெல்ல நின்றுபோய்க்கொண்டிருக்கிறது.

திருமலையில் கட்டணச் சேவைகளுக்கும் சிறப்பு நுழைவுத் தரிசனத்துக்கும் செல்லும் ஆடவர் வேட்டியும் மேலாடையும், அல்லது பைஜாமாவும் குர்த்தாவும் அணிந்து வருதல் வேண்டும் என்பது தேவஸ்தானத்தின் விதி. அவ்விதியை முன்னிட்டுப் புதுவேட்டி வாங்கிய இளைஞர் சிலர், அதனைக் காற்சட்டையின் மேலேயே சுற்றிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பற்றியவாறு வரிசையில் நகர்வதைத் திருப்பதியில் வாழும் நாம் காணாமல் இல்லை. கண்டு நகைப்பது எளிது. இந்நிலை ஏன் வந்தது, பிற நாட்டாருக்கும் இது நேர்ந்ததுண்டா, நேர்ந்தபோது அவர்கள் செய்தது யாது என்று வரலாற்றை வினவுவது அதனினும் பயனுடைத்து.

மேட்டுநாட்டார் ஆடை

ஸ்காட்லாந்தின் வடபால் மலைநாட்டில் வாழ்ந்த மக்களின் ஆடை கில்ட்டு என்பது. இன்று நாம் படங்களிற் காணும் கில்ட்டு, பின்புறம் கொசுவம் வைத்துத் தைத்து, தோல்வார்களால் இடுப்பிற் பூட்டப்பெறுவது. ஆயினும் அதன் பழைய வடிவம் தையல் அறியாதது. கட்டங்கள் அமைய நெய்த, பல கெசம் நீளமுள்ள கம்பளித் துணி ஒன்றே அது. அதன் கீழ்ப்பாதியைக் கொசுவி, அரைக்கச்சையால் இறுக்கி, எஞ்சிய மேற்பாதியைத் தோளின்மேல் இட்டுக்கொள்வர். பகலில் அது ஆடை, இரவில் போர்வை, மழை பெய்தால் தலைமறைப்பு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்பாதியை நீக்கிக் கீழ்ப்பாதியை மட்டும் உடுக்கும் வழக்கம் பரவிற்று. இன்றைய கில்ட்டுக்கு அதுவே மூலம். வெட்டாத துணியைச் சுற்றிக் கொசுவி உடுப்பது என்ற அளவில் அவர்களுக்கும் நமக்கும் உறவு உண்டு. அவர்கள் குளிருக்குக் கம்பளியைக் கொண்டனர். நாம் வெயிலுக்குப் பருத்தியைக் கொண்டோம்.

1745ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் மரபினரை மீண்டும் அரியணையில் ஏற்ற மேட்டுநாட்டார் பலர் கிளர்ந்தெழுந்தனர். 1746 ஏப்ரலில் கலோடன் என்னும் களத்தில் தோற்றனர். வென்ற அரசு அவர்களுடைய படைக்கலங்களைப் பறித்ததோடு நில்லாமல், ஆடையையும் பறித்தது. 1746இல் இயற்றப்பெற்ற ஆடைச் சட்டம் 1747 ஆகஸ்டு முதல் நடப்புக்கு வந்தது. மேட்டுநாட்டு ஆடையை அணிந்தவனுக்கு முதன்முறை ஆறு மாதச் சிறை. மறுமுறை அணிந்தால் ஏழாண்டு நாடு கடத்தல். அரசரின் படையிற் சேர்ந்த வீரருக்கு மட்டும் விலக்கு உண்டு. தன் நாட்டு ஆடையை உடுத்த விரும்பும் ஒருவன், தன்னை வென்ற அரசுக்காகப் போர்புரிந்தாலன்றி அதனை உடுத்த இயலாது என்பது எத்தகைய கொடிய ஏற்பாடு!

அவ்வாறு திரட்டப்பெற்ற படைகளுள் ஒன்று நம் மாவட்டத்தின் வாயில்வரை வந்தது என்பதைப் பலர் அறியார். மக்லியோடு பிரபு 1777இல் திரட்டிய 73ஆம் மேட்டுநாட்டுப் படை 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியது. அப்பிரபுவின் தந்தையார் 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஈடுபட்டுத் தம் நிலபுலங்களை இழந்தவர். மகனோ அதே அரசின் ஆணையால் ஹைதர் அலியை எதிர்க்க வந்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரில் அப்படையின் இரு பிரிவுகள் அழிவுற்றன. அவற்றின் தலைவரான டேவிட் பெயர்டு சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணம் கொண்டுசெல்லப்பட்டார். எஞ்சிய படையினர் 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையிலும், செப்டம்பரில் சோளிங்கரிலும் போரிட்டனர். பரங்கிப்பேட்டைப் போரில் அவர்களுடைய குழலூதிகளின் ஊக்கத்தைக் கண்டு மகிழ்ந்த தளபதி அயர் கூட், வெள்ளிக் குழல் செய்துகொள்ள 50 பவுன் அளித்தார் என்று அப்படையின் வரலாறு கூறும். சித்தூரிலிருந்து சோளிங்கர் எத்துணைத் தொலைவு என்பதை இம்மலரைப் படிப்போர் அறிவர்.

1782 ஜூலையில் இலண்டன் பாராளுமன்றம் ஆடைச் சட்டத்தை நீக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் அலி உயிர்நீத்தார். மேட்டுநாட்டு வீரர் தம் ஊருக்குத் திரும்பி அச்சமின்றிக் கில்ட்டு உடுக்கும் உரிமையைப் பெற்ற ஆண்டு, நம் ஊர்ப்புறத்தில் ஒரு பேரரசனின் வாழ்வு முடிந்த ஆண்டாகவும் அமைந்தது.

தடை நீங்கியது, பழக்கம் திரும்பவில்லை

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டிய பாடம் உள்ளது. சட்டம் நீங்கிய மறுநாளே மக்கள் கில்ட்டை உடுத்திவிடவில்லை. ஏறத்தாழ 35 ஆண்டுகள் கடந்திருந்தன. தடையின் தொடக்கத்தில் குழந்தையாக இருந்தவர் நடுவயதை எட்டியிருந்தனர். காற்சட்டைக்குப் பழகிய காலுக்குப் பழைய ஆடை புதிதாயிற்று. நாட்டுப்புற மக்களின் அன்றாட உடையாக அது பெரும்பாலும் மீளவேயில்லை.

அதனை மீட்டது ஒரு விழா. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு எழுந்தருளினார். வரவேற்பை வகுத்தவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டு. அவ்விழாவில் எவ்வாறு உடுத்த வேண்டும், எவ்வாறு ஒழுக வேண்டும் என்று நகர மக்களுக்கு அறிவுரை கூறும் சிறு நூல் ஒன்றும் வெளியிடப்பெற்றது; அதனை எழுதியவர் ஸ்காட்டே என்பர். தன் நாட்டு ஆடையை உடுத்துவதற்கு ஒரு நகரம் அச்சிட்ட வழிகாட்டியை நாடவேண்டியிருந்தது! மன்னரும் அறுபதாம் வயதில் கில்ட்டு உடுத்தினார். அது முழங்காலுக்கு மேலே குறுகி நின்றது. உள்ளே தோல்நிறக் காலுறை அணிந்திருந்தார். கண்டவர் நகைத்தனர், கேலிச்சித்திரங்களும் தோன்றின. ஆயினும் அந்நாளுக்குப் பின் கில்ட்டு ஸ்காட்லாந்து முழுமைக்கும் உரிய அடையாளமாயிற்று. முன்னர் அதனை இழிவாகக் கருதிய சமவெளி மக்களும் அதனைத் தமதென்று கொண்டனர்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. புதிதாக உடுப்பவன் தவறாக உடுப்பது இயல்பு. மன்னனுக்கும் அது நேரும். மற்றொன்று, விழாவினால் மீட்கப்பட்ட ஆடை விழாவுக்குரிய ஆடையாகவே நின்றுவிடும். ஸ்காட்லாந்தில் இன்று கில்ட்டு பெரும்பாலும் திருமணத்திலும் விளையாட்டு விழாக்களிலும் காணப்படுவது. வயலுக்கும் கடைக்கும் உடுத்திச் செல்லப்படுவது அரிது. நம் வேட்டி இன்னும் அந்நிலைக்கு வந்துவிடவில்லை. கழனியிலும் கடைத்தெருவிலும் அது உயிரோடு இருக்கிறது. அஃது உயிரோடு இருக்கும்போதே நாம் விழித்துக்கொள்ளுதல் நன்று.

நம் நாட்டில் இரு துணி

தமிழர் துணிக்கு இட்ட பெயர்களே அதன் இயல்பைக் காட்டும். அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டாவது துண்டு. தறியிலிருந்து அறுத்ததை அப்படியே உடுத்தினர் என்பது இவற்றால் விளங்கும். வேட்டி என்ற சொல்லுக்கு வெட்டுதல் என்பதை மூலமாகக் கூறுவாரும், சுற்றுதல் என்னும் பொருளுடைய வடசொல்லை மூலமாகக் கூறுவாரும் உளர். நக்கீரனார் பாடிய புறநானூற்று 189ஆம் பாட்டு, உலகாளும் மன்னனுக்கும் காட்டில் விலங்கைத் தேடித் திரியும் வேட்டுவனுக்கும் உணவின் அளவும் ஒன்றே, உடுக்கும் ஆடையும் இரண்டே என்று சமன்செய்து காட்டுகிறது. இடைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்ற அக்கணக்கு இன்றும் மாறவில்லை.

திருமலைத் திருக்கோயிலின் மகாதுவாரத்தைக் கடந்ததும் வலப்பக்கத்தில் கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவரோடு கைகூப்பி நிற்கும் உலோகத் திருவுருவங்களைக் காணலாம். 1513இல் முதன்முறை இங்கு வந்த அப்பேரரசர், 1517இல் இவ்வுருவங்களை நிறுவினார். விசயநகர அவையில் தைத்த நெடிய அங்கியும் உயர்ந்த குல்லாயும் அணிவது பெருமக்களின் வழக்கமாயிருந்தது. திருமலையிலோ பேரரசர் குல்லாயை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கியின்றி, இடையில் உடுத்த வேட்டியோடு நிற்கின்றார். அரசவைக்கு ஓர் ஆடை, ஆண்டவன்முன் ஓர் ஆடை என்ற வேறுபாடு இன்று நேற்று வந்ததன்று என்பதற்கு அவ்வுருவம் சான்று.

ஆடையும் மானமும்

ஆடையில் கைவைத்தால் என்ன நேரும் என்பதை நம் வட்டாரம் நன்கு அறியும். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் விளங்கியது. அம்மாவட்டத்து வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். சென்னைப் படைத்தலைவர் ஜான் கிரடாக்கின் காலத்தில் வந்த புது விதிகள், நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்து, தோற்பட்டை கொண்ட புதுவகைத் தலைப்பாகையைத் திணித்தன. திப்புவின் மக்கள் அக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது போன்ற பிற காரணங்களும் உண்டெனினும், முதற் பொறி அத்தலைப்பாகையே. கிளர்ச்சி குருதியில் அடக்கப்பட்டது. ஆயினும் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

அயலார் செய்த கொடுமையை மட்டும் உரைத்து, நாமே நமக்குச் செய்த கொடுமையை மறைத்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. இன்னார் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கிக் கட்டலாகாது, இன்னார் தோளில் துண்டு இடலாகாது, மேல்சாதியாரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் நம் ஊர்களில் கட்டுப்பாடு இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859இல் அரசாணை பெற்றனர். ஆதலின் வேட்டியும் துண்டும் வெறும் பழம்பெருமையன்று. எல்லாரும் ஒப்ப உடுத்தும் உரிமை பலருடைய துயரத்தால் கிடைத்தது. பெரியோரைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது மரியாதை என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, அது மனம் உவந்து செய்யும் மரியாதை என்பதையும், எவரும் எவர்மீதும் திணிக்கத் தக்கதன்று என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் மதுரையில் தம் மேலாடையையும் தலைப்பாகையையும் துறந்து, ஏழை உழவனின் அரைத்துணியை ஏற்றார். 1931 நவம்பரில் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைக்கும் அவர் அதே கோலத்திற் சென்றார். ஆயினும் நாடு விடுதலை பெற்ற பின்னரும் வேட்டிக்குத் தடை முற்றும் நீங்கியதில்லை. 2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்துக்குச் சென்றபோது, வேட்டி உடுத்தியிருந்தமையால் உள்ளே விடப்படவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டி முதலிய மரபுடைகளைக் காரணமாக்கி எவரையும் பொதுவிடங்களில் தடுத்தல் கூடாதென்று சட்டம் இயற்றியது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு. 1746இல் ஒரு நாடு ஆடையைத் தடுக்கச் சட்டம் செய்தது; 2014இல் ஒரு மாநிலம் ஆடையைக் காக்கச் சட்டம் செய்தது. தடுக்கவும் காக்கவும் சட்டத்தால் இயலும். கட்டிக்கொள்ளக் கற்றுத்தர மட்டும் அதனால் இயலாது.

புதிதாகக் கட்டுவோர்க்கு

ஆதலின் கற்பிப்பது நம் கடமையாகிறது. கற்பிக்க வேண்டியதும் மிகுதியன்று. நாலு முழ வேட்டி ஒற்றையாகச் சுற்றுவது. எட்டு முழ வேட்டி இரட்டையாக மடித்துச் சுற்றுவது. தொடங்குவோர்க்கு நாலு முழப் பருத்தி வேட்டியே ஏற்றது. மிக மெல்லிய துணியும், வழவழப்பான பட்டும் நழுவும். ஒருமுறை நனைத்து உலர்த்திய பருத்தி இடுப்பைப் பற்றிக்கொள்ளும்.

கால்களைச் சற்றே அகற்றி நின்று, துணியைப் பின்புறமாகக் கொண்டுவந்து இரு தலைப்பையும் இரு கையிற் பிடிக்க வேண்டும். கால்களை ஒட்டி நின்று கட்டினால் நடை தடைப்படும். துணி தொப்புள் மட்டத்தில் அமைய வேண்டும். இடுப்பெலும்புக்குக் கீழே கட்டினால் நழுவாதிராது. ஒரு தலைப்பை எதிர்ப்புற இடுப்பில் அழுத்திப் பிடித்து, மற்றொரு தலைப்பை அதன்மேல் இழுத்துக் கொண்டுவந்து செருக வேண்டும். எப்பக்கம் மேலே வருவது என்பது குடும்பத்துக்கும் சமயத்துக்கும் ஏற்ப வேறுபடும். வீட்டுப் பெரியவரைக் கேட்டறிக. பின்னர் மேல்விளிம்பை ஒன்றிரண்டு முறை வெளிப்புறமாகச் சுருட்டினால் இறுக்கம் நிலைபெறும். கீழ்க்கரை புறங்காலைத் தொட்டும் தொடாமலும், எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக நிற்றல் அழகு.

பஞ்சகச்சம் கட்டுவோர்க்கு அதனினும் நீண்ட வேட்டி வேண்டும். துணியைப் பின்னிருந்து முன்கொண்டு, இடுப்பில் இறுக்கி முடிந்து, ஒரு தலைப்பைக் கொசுவிக் கால்களினூடே பின்னே செலுத்திச் செருகி, மறு தலைப்பைக் கொசுவி முன்னே செருகுவர். ஐந்து இடத்திற் செருகுவதால் அப்பெயர் பெற்றது. திருமலை அர்ச்சகர்கள் உடுப்பதும், திருமணத்தில் மணமகன் உடுப்பதும் இம்முறையே. உழவர் தார்ப்பாய்ச்சிக் கட்டுவதும் இதற்கு உறவானதே. கோயிற் கருவறையும் கழனியும் உடுப்பு முறையில் ஒன்றையொன்று அறியும்.

கில்ட்டுக்கும் இவ்வாறே இலக்கணம் உண்டு. அதுவும் தொப்புள் மட்டத்திலேயே பூட்டப்பெற வேண்டும். கீழ்விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். தட்டையான பகுதி முன்னும், கொசுவம் பின்னும் அமைய வேண்டும். முன்புறத்து ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்த வேண்டும். இரு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழியும். உட்காரும்போது கையால் கொசுவத்தைத் தடவி ஒழுங்குசெய்து அமர வேண்டும். நம்மவரும் அமருமுன் வேட்டியைச் சற்றே தளர்த்திவிட்டு, முழங்காலுக்கிடையே துணியை ஒதுக்கி அமர்வதன்றோ! சுற்றிய துணியை உடுப்போர் எந்நாட்டவராயினும், அத்துணியே அவர்களுக்கு நிதானத்தைக் கற்பிக்கிறது.

முதல் நாளிலேயே கோயில் வரிசைக்குச் செல்லாமல், ஒரு வாரம் வீட்டில் உடுத்திப் பழகுதல் நன்று. மாடிப்படி ஏறுதல், தரையில் அமர்ந்து உண்ணுதல், மடித்துக் கட்டி இறக்கிவிடுதல் ஆகிய மூன்றும் கைவந்தால் போதும். உள்ளே அரைக்காற்சட்டை அணிவதும், மேலே ஒரு கச்சைவார் இடுவதும், ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்த வேட்டியை வாங்குவதும் குற்றமல்ல. மேட்டுநாட்டாரும் தம் துணிக்குத் தோல்வாரும் தையலும் சேர்த்தனரே! உதவியோடு தொடங்குபவன் ஒருநாள் உதவியின்றிக் கட்டுவான். நகைக்கப்பட்டவனோ மீண்டும் கட்டவே மாட்டான்.

எல்லைக்கு அப்பாலும் ஒரு துணி

1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மீண்டது. சித்தூரும் திருப்பதியும் இங்கேயே நின்றன. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது, துணியைப் பிரிக்கவில்லை. நாம் வேட்டி என்பதைத் தெலுங்கு அன்பர் பஞ்செ என்பர். நகரி, புத்தூர் வட்டாரத்துத் தறிகளில் நெய்யப்படும் துணிக்கு இரு மொழியும் தெரியும். ஆகவே வேட்டி கட்டுவதை அண்டை அயலாரிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டும் கொடியாகக் கொள்ளாமல், அவர்களோடு நம்மைச் சேர்க்கும் நூலாகக் கொள்வதே தக்கது.

நம் பிள்ளைகள் தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ பயில்கின்றனர். தமிழ் எழுத்தையே வீட்டிற் கற்பிக்கும் நிலையில் உள்ள நமக்கு, இஃது இன்னொரு சுமையோ எனச் சிலர் நினைக்கலாம். எழுத்துக்கு ஆண்டுகள் வேண்டும். இதற்கு ஒரு விடுமுறை நாட்காலை போதும். காலனியில் வேட்டி கட்டத் தெரிந்த பெரியவர் இல்லாத தெரு இல்லை. கட்டத் தெரியாத பிள்ளை இல்லாத வீடும் இல்லை. இவ்விருவரையும் ஒரு முற்றத்தில் நிறுத்துவதே வேண்டுவது. தெலுங்குத் தோழர்களையும் உடன் அழைத்தால் பஞ்செ கட்டும் அவர்தம் முறையையும் நம் பிள்ளைகள் அறிவர்.

மேட்டுநாட்டார் தம் ஆடையைப் பகைவர் பறித்தமையால் மறந்தனர். மீண்டும் கற்க ஒரு மன்னரின் வருகை வேண்டியிருந்தது. நம் ஆடையை எவரும் பறிக்கவில்லை. அது நம் பெட்டியிலேயே மடிப்புக் கலையாமல் இருக்கிறது. எடுத்து, உதறி, பேரன் கையிற் கொடுத்து, அருகில் நின்று கட்டக் காட்டுவோமாக.